எந்தக் கட்டத்தில் டிக் போடுவது

வலது தோள் மேலே எழவில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது லூர்துசாமிக்கு. காலை ஆறு மணியிலிருந்து யூரியா வேகன். முதுநகர் கூட்ஸ் ஷெட்டில் அவர் தூக்கியது மட்டும் இருநூற்றுப் பத்து மூட்டை. ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து கிலோ. தோளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

"குடு, நான் ஊட்டி உடுறேன்" என்றாள் தங்கம்மாள்.

"சும்மா இரு. சின்னப்புள்ளையா நானு?"

அப்போது போன் அடித்தது. சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்சி. கடைசி வருஷம் படிக்கும் மகள் வெண்மதி. தங்கம்மாள் ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, ஒண்ணு கேப்பேன். திட்டக்கூடாது."

"கேளு."

"நாம யூதருங்களாப்பா?"

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. அந்த நிலையில்தான் தோள் அதிகமாக வலிக்கும். அவர் கையைத் தட்டிலேயே போட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் போனைப் பார்த்தாள்.

"எதுக்கு இப்ப?"

"ஸ்காலர்ஷிப்புக்கு."

ஸ்காலர்ஷிப் என்றதும் தங்கம்மாள் போனை இன்னும் கிட்டே நகர்த்தினாள். இரண்டு மாதமாக வீட்டில் அந்த ஒரு பேச்சுதான். கடல் சம்பந்தமான மேல்படிப்புக்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் வெண்மதிக்கு இடம் கொடுத்திருந்தது. ஃபீஸில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். மீதிப் பாதிக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும் பணம் இருக்கிறது என்று ஜூன் பதினைந்துக்குள் காட்டவேண்டும். காட்டாவிட்டால் இடம் போய்விடும். அரசாங்கத்தின் வெளிநாட்டுப் படிப்பு உதவிக்கு எழுதிப் போட்டதில் இந்த வருஷப் பட்டியலில் அவள் பேர் வரவில்லை. பேங்கில் ஈடு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். வீடு இருப்பது புறம்போக்கில்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கிற அறிவழகன் அண்ணன் ஒரு லிஸ்ட் காட்டுனாருப்பா. காலேஜுக்கும் மேல்படிப்புக்கும் யூதப் பிள்ளைங்களுக்குன்னே தனி ஸ்காலர்ஷிப். நாப்பது அம்பது இருக்குது. முக்காவாசி அந்தந்த ஊர்ல குடியிருக்கிறவங்களுக்குத்தான். ஒண்ணு மட்டும் எந்த நாட்டுப் பிள்ளையும் போடலாமாம். நாம சனிக்கிழமை அனுசரிக்கிறோம் இல்ல, அதான் கேட்டேன்."

 லூர்துசாமிக்கு ஆமாம் என்று சொல்லவும் காரணம் இருந்தது, இல்லை என்று சொல்லவும் காரணம் இருந்தது.

அவருடைய அப்பா ஆர்.சி. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து வைத்த பேர் லூர்துசாமி. கூட்ஸ் ஷெட்டில் இன்றுவரை அந்தப் பேர்தான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது, "கிறிஸ்தவன்னு எழுதினா எஸ்.சி. சலுகை கிடைக்காதுய்யா" என்று வாத்தியார் சொன்னதால் ராஜாமணி என்று எழுதினார்கள். ரேஷன் கார்டு, ஆதார், மகளின் சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ராஜாமணி, இந்து ஆதிதிராவிடர். வெண்மதிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது அந்தச் சான்றிதழால்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு வேகன் வாசலிலிருந்து தலைகுப்புற விழுந்தார். தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள் கூட இருந்தவர் பாஸ்டர் சார்லஸ். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் சீயோன் ஓய்வுநாள் சபை நடத்துகிறவர். அந்தச் சபையில் ஞாயிறு கிடையாது, சனிதான். கிறிஸ்துமஸ் கிடையாது, பஸ்கா பண்டிகை உண்டு. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சமையலை முடித்து விளக்கேற்றிவிட வேண்டும். பன்றிக்கறி கூடாது, நண்டு கூடாது, இறால் கூடாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு இறாலை விடுவது லேசில்லை. தங்கம்மாள் ஒரு வருஷம் அழுதாள்.

"நாமதான் மெய்யான இஸ்ரவேல்" என்று பாஸ்டர் வாராவாரம் சொல்வார். லூர்துசாமிக்கு எலியாசர் என்று பேர் வைத்தார். குடி நின்றது. சனிக்கிழமை வேலையும் நின்றது. ஷெட்டில் சனிக்கிழமைதான் லோடு ஜாஸ்தி. பதினாலு வருஷமாக வாரம் ஒரு நாள் கூலியை விட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்புட்டு யோசிச்சி சொல்றேன்" என்றார் போனிடம். அன்றைக்கு யோசித்தும் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சிதம்பரம் போனார். வெண்மதி பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தாள். அறிவழகன் கடை மாடியில் இருந்தது. நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஓடாத ஏசி.

"வாங்க. உங்க பொண்ணு சனிக்கிழமை கடைக்கு வான்னா வராது. போன் பண்ணா எடுக்காது. இன்னாம்மான்னு கேட்டேன். ஓய்வுநாள்னுச்சி. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், யூதக் குடும்பம்னு" என்றான் அறிவழகன்.

"நாங்க காலனிக்காரங்க தம்பி."

"அது சாதிங்க. இவுங்க கேக்கறது மதம்."

"அதுலதான் கொழப்பமே."

வெண்மதி விண்ணப்பத்தைத் திறந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். பேர், படிப்பு, மார்க் வரைக்கும் சிக்கல் இல்லை. பிறகு ஆறு கட்டம் வந்தது. நீங்கள் எந்தப் பிரிவைச் சேர்ந்த யூதர், ஒன்றில் டிக் செய்யுங்கள்.

"அவுங்களுக்குள்ளயும் பிரிவு இருக்குதா?" என்றார் லூர்துசாமி.

"இருக்காதா பின்ன? நம்ம பக்கம் ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தேன்னு இல்ல?"

"கடேசிக் கட்டம் இன்னா?"

"மற்றவை."

"அதுல போடு. நாம எங்க போனாலும் மத்தவங்கதான்."

வெண்மதி சிரிக்கவில்லை. மவுஸைப் பிடித்த கை அப்படியே நின்றது. "அப்பா, இது பொய்யில்லையே?"

"பொய்யின்னா பதினாலு வருஷமா நான் எதுக்கு சனிக்கிழமை வூட்ல குந்திக்கினு இருக்கேன்?"

அது அவளுக்குச் சொன்ன பதிலா, அவரே கேட்டுக்கொண்ட கேள்வியா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் டிக் போட்டாள். கீழே இன்னொன்று கேட்டிருந்தார்கள்: உங்கள் சபைத் தலைவரிடமிருந்து ஒரு கடிதம்.

மறுநாள் சாயங்காலம் கணவனும் மனைவியுமாகக் கொட்டகைக்குப் போனார்கள். பாஸ்டர் சார்லஸ் ஸ்டூலில் ஏறி நின்று ட்யூப் லைட் மாட்டிக்கொண்டிருந்தார். பழைய எலக்ட்ரீசியன். முழுவதையும் ஸ்டூல் மேலிருந்தபடியே கேட்டார்.

"எழுதலாம். ஆனா யூதர்னு எழுத மாட்டேன்."

"நாமதான் இஸ்ரவேல்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"இஸ்ரவேல் வேற, யூதர் வேற. பன்னெண்டு கோத்திரம். யூதா அதுல ஒண்ணு. பத்து கோத்திரம் எங்கெங்கயோ செதறிப்போச்சி."

"நாம எந்தக் கோத்திரம் பாஸ்டர்?"

பாஸ்டர் கீழே இறங்கினார். கையைத் துடைத்தார். ஃபேனைப் பார்த்தார். "அது இன்னும் வெளிப்படல."

"பதினஞ்சாந்தேதிக்குள்ள வெளிப்படுமா?" என்றாள் தங்கம்மாள். கிண்டல் செய்யவில்லை. அவளுக்குத் தேதி முக்கியம்.

பாஸ்டருக்குக் கோபம் வரப் பார்த்தது, வரவில்லை. லெட்டர்பேடை எடுத்து உட்கார்ந்தார். "எந்தப் பேர்ல?"

"ராஜாமணின்னு எழுதுங்க. அதான் சர்ட்டிபிகேட்டுல."

"ராஜாமணின்னு ஒருத்தன் என் சபையில இல்லய்யா. தாலுக்கா ஆபீஸ்ல ராஜாமணி. ஆர்.சி. கோயில் புக்குல லூர்துசாமி. எங்கிட்ட எலியாசர். மூணு பேருக்கும் தோளு ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் பாஸ்டர். மூணு பேர் வலியும் அதுலதான்."

கடைசியில் எலியாசர் என்கிற லூர்துசாமி என்கிற ராஜாமணி என்று எழுதினார். யூதர் என்ற சொல்லைப் போடவில்லை. இஸ்ரவேலின் நியாயப்பிரமாணத்தின்படி ஓய்வுநாளைக் கைக்கொள்ளும் குடும்பம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பை இரண்டு முறை குத்தினார். முதல் முறை சரியாக விழவில்லை.

திரும்பும் வழியில் தங்கம்மாள் கடிதத்தைத் தெருவிளக்கில் பார்த்தாள். படிக்கத் தெரியாது, பேர் மூன்று இருப்பதைப் பாஸ்டர் எழுதும்போது கேட்டிருந்தாள்.

"போலீஸ் ஸ்டேஷன்ல ஒட்டுற நோட்டீஸ் மாதிரி இருக்குதுய்யா. இது தாலுக்கா ஆபீஸ் கைக்குப் போனா? நாம இந்து இல்லன்னு ஆயிடும். சர்ட்டிபிகேட்டு செல்லாதுன்னுட்டா? அவ படிச்ச படிப்பு?"

"அமெரிக்காவுல இருக்கிறவங்க நம்ம தாலுக்கா ஆபீசுக்கா எழுதப் போறாங்க?"

சொல்லிவிட்டார். ஆனால் அடுத்த நாள் மூட்டை தூக்கும்போது அந்த நினைப்பு கூடவே வந்தது. ஒருத்தர் கொடுக்கிற உதவிக்காக எழுதுகிற காகிதம் இன்னொருத்தர் கொடுத்த உதவியை அழித்துவிடும் என்றால், எந்தக் காகிதத்தை யாரிடம் காட்டுவது? ஷெட்டில் யாரிடமும் கேட்க முடியாது.

பத்து நாளில் பதில் வந்தது. குடும்பத்தோடு வீடியோவில் பேச வேண்டும், வியாழக்கிழமை, இந்திய நேரம் சாயங்காலம் ஆறரை மணி. வெண்மதி போனில் கத்தினாள். தங்கம்மாள் அன்றைக்கே அவருடைய வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டாள்.

வியாழக்கிழமை மூன்று மணி ரயிலில் இரண்டு பேரும் சிதம்பரம் போனார்கள். அறிவழகன் வேறு ஆளை உள்ளே விடாமல் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். திரையில் வந்த பெண்ணுக்கு எழுபது வயது இருக்கும். வெட்டிவிட்ட வெள்ளை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பேர் ரூத் என்றாள். ஒரு கல்லூரி ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இந்த நிதியைக் கொடுக்கும் குழுவில் ஒருத்தி.

முதலில் வெண்மதியின் படிப்பைப் பற்றிக் கேட்டாள். பிறகு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னாள்.

லூர்துசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை முடிந்து ஓடிவருவதை, குளிப்பதை, தங்கம்மாள் மறுநாளுக்கும் சேர்த்துக் குழம்பு வைப்பதை, இரண்டு விளக்கு ஏற்றுவதை, சனிக்கிழமை ஷெட்டில் வேகன் நிற்கும் சத்தம் வீட்டுக்குக் கேட்டாலும் போகாமல் இருப்பதைச் சொன்னார். வெண்மதி இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, ரூத் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். 

"யேசுவைப் பத்திக் கேக்கறாங்கப்பா. அவரு நமக்கு யாருன்னு."

"யாருன்னா? அவருதான் ரட்சகர்."

வெண்மதி தயங்கினாள். "சொல்லட்டுமா?"

"சொல்லு. அதுல இன்னா இருக்குது?"

அவள் சொன்னாள். ரூத் தலையை மெல்ல ஆட்டி ஏதோ குறித்துக்கொண்டாள். அடுத்து அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அவுங்கள்ல நெறையப் பேருக்கு யூதர்ங்கறது அம்மா வழியாத்தான் வரும்னு சொல்றாங்கம்மா. உன்னோட அம்மா யாருன்னு கேக்கறாங்க."

"எங்கம்மா மேல்பட்டாம்பாக்கத்துல மாரியம்மனுக்குக் கூழு ஊத்துனவ" என்றாள் தங்கம்மாள். சொன்னபிறகு பயந்துபோய், "மாத்திச் சொல்லணுமா பாப்பா?" என்றாள்.

"வேணாம்மா."

அதற்கு அப்புறம் ரூத் ஒரு காகிதத்தைத் திரைக்கு முன்னால் பிடித்தாள். தமிழும் இங்கிலீஷுமாக அச்சடித்த, அசோகச் சின்னம் போட்ட காகிதம். சாதிச் சான்றிதழ். மார்க்ஷீட்டோடு ஒரே கட்டாக இருந்ததை அறிவழகன் அப்படியே ஸ்கேன் பண்ணி ஏற்றியிருந்தான். அவன் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"இதுல இந்துன்னு இருக்குதாம். கடிதத்துல இஸ்ரவேல்னு இருக்குதாம். நீங்க யேசுன்னு சொல்றீங்களாம். எனக்குக் குழப்பமா இருக்குது, நான் எதை எடுத்துக்கறதுன்னு கேக்கறாங்கப்பா."

"எங்களுக்கும் அதேதான்னு சொல்லு."

கீழே தெருவில் ஆட்டோக்காரர்கள் சண்டை போடும் சத்தம் வந்தது. தங்கம்மாள் அவர் தொடையைக் கிள்ளினாள். அவர் கேட்கவில்லை.

"சொல்லும்மா. எம் மவன் மூட்டை தூக்கக்கூடாதுன்னு எங்கப்பன் ராஜாமணின்னு எழுதுனாரு. அப்பவும் நான் மூட்டைதான் தூக்கினேன். எம் மவளுக்காக நானும் அதையே எழுதுனேன், அவ படிச்சிட்டா. எந்தப் பேர்ல கேட்டா குடுப்பாங்களோ அந்தப் பேர்ல போயி நிக்கிறோம். ஆனா சனிக்கிழமை கூலிய உடச்சொல்லி யாரும் ஒண்ணும் குடுக்கல. அதுக்கு எந்த சர்ட்டிபிகேட்டும் இல்ல. நானா உட்டேன். அது நெசம்."

வெண்மதி இரண்டு வாக்கியம் சொன்னாள்.

"நான் அவ்ளோ சொன்னேன், நீ இத்தினூண்டு சொல்ற?"

"அவ்ளோதான்பா வருது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ரூத் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு பேசியதை வெண்மதி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். இந்தப் பணத்தை விட்டுச்சென்றவர் யூதப் பிள்ளைகளுக்கு என்று எழுதி வைத்திருக்கிறார். யார் யூதர் என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. ஆனால் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் உங்கள் குடும்பம் அதற்குள் வராது. குழுவைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். உங்களை இழுத்தடிக்க எனக்கு விருப்பம் இல்லை. நீங்கள் யார் என்று நான் சொல்லப்போவதில்லை, அது எனக்குத் தெரியவும் தெரியாது.

அதோடு வைத்துவிடுவாள் என்று நினைத்தார்கள். அவள் வைக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதி இடத்தை ஒரு வருஷம் நிறுத்திவைக்கக் கேள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள், அதற்குள் உங்கள் அரசாங்கத்துக்கு மறுபடி விண்ணப்பம் போடு என்றாள். எப்படி எழுத வேண்டும் என்பதையும் சொன்னாள். வெண்மதி கையிலேயே பேனாவால் குறித்துக்கொண்டாள்.

கடைசியில் ரூத் நேராக லூர்துசாமியைப் பார்த்து, நாளைக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்கே சொல்கிறேன் என்று இரண்டு வார்த்தை சொன்னாள். ஷபாத் ஷாலோம். பாஸ்டர் சார்லஸ் ஓய்வுநாள் வாழ்த்தாக வாராவாரம் சொல்லும் அதே இரண்டு வார்த்தை. லூர்துசாமி அதையே திருப்பிச் சொன்னார். திரை அணைந்தது.

"இல்லைன்னுட்டாங்க இல்ல?" என்றார் லூர்துசாமி.

"இல்லைன்னுட்டாங்கப்பா."

"அப்பறம் எதுக்கு எங்கிட்ட அதச் சொன்னாங்க?"

 அறிவழகன் வந்து, "எல்லாம் என்னாலதாங்க. அந்தச் சர்ட்டிபிகேட்ட நான் ஏத்தாம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தான்.

"ஏத்தாட்டியும் எங்க மாமியா கூழு ஊத்துனவதான் தம்பி" என்றார் லூர்துசாமி.

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. இடத்தை ஒரு வருஷத்துக்கு வைத்திருப்பார்கள். அதற்கு ஐந்நூறு டாலர் முன்பணம், வெள்ளிக்கிழமைக்குள். இங்கே நாற்பத்து மூவாயிரம் ரூபாய்.

தங்கம்மாளின் தோடு ஏற்கெனவே விண்ணப்பக் கட்டணத்துக்குப் போயிருந்தது. சபையில் கேட்கலாமா என்று யோசித்தார். அங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் அவரைப் போன்றவர்கள். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் மேஸ்திரி பொன்னுரங்கத்திடம் போனார். பொன்னுரங்கம் தங்கம்மாளுக்குத் தூரத்துத் தம்பி முறை. ஷெட்டில் நாற்பது ஆளுக்குக் கூலி பிரித்துக் கொடுக்கிறவன்.

"தரேன் மாமா" என்றான் உடனே. "வட்டியெல்லாம் வேணாம், எங்கக்கா மவ படிக்கப் போவுது. ஆனா பணமாத் திருப்பித் தராதீங்க. சனிக்கிழமை கூட்ஸ் ரேக் வந்தா எனக்கு ஆள் பத்தல. ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் வச்சா நாப்பத்தெட்டு சனிக்கிழமை. வந்து கழிச்சிடுங்க."

"வேற நாள்ல ஜாஸ்தி தூக்கிக் கழிக்கிறேனே."

"மத்த நாள்ல ஆள் இருக்குது மாமா. சனிக்கிழமைதான் இல்ல. பதினாலு வருஷமா உங்களால எவ்ளோ தவிச்சிருக்கேன் தெரியுமா? உங்க சாமி சனிக்கிழமை லீவு உடுறாரு. எங்க சாமி அமாவாசைக்குக்கூட உடமாட்டேங்குது."

லூர்துசாமி சிரிக்கப் பார்த்தார். யூதர் இல்லை என்று அமெரிக்காவில் சொல்லியாகிவிட்டது. அப்படியானால் சனிக்கிழமை தூக்கலாமா? அல்லது, பணத்துக்காக ஓய்வுநாளைச் சொல்லிக்கொண்டு போனபோதே அது போய்விட்டதா? அவர் நினைப்பு ஒரு பக்கமும் நிற்கவில்லை. பொன்னுரங்கம் கையிலிருந்த ரூபாய்க் கட்டு மட்டும் நின்றது. வாங்கிக்கொண்டார்.

பாஸ்டரிடம் அவரே போய்ச் சொன்னார். பாஸ்டர் திட்டவில்லை. "கழுத கெணத்துல உழுந்தா ஓய்வுநாள்லயும் தூக்கலாம்னு பைபிள்ல இருக்குது" என்றார்.

"இது யூரியா பாஸ்டர்."

"தெரியுதுய்யா" என்றார் பாஸ்டர்.  அடுத்த சனிக்கிழமைக்கு வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பணம் போய்ச் சேர்ந்ததாக வெண்மதி போன் பண்ணினாள். பொழுது சாய்வதற்குள் தங்கம்மாள் சமைத்து முடித்து, இரண்டு விளக்கையும் ஏற்றினாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு லூர்துசாமி துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினார். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"யாரு போறா இப்ப? எலியாசரா, ராஜாமணியா?"

"எவன் எந்தப் பேர்ல கூப்புட்டானோ அந்த ஆளு" என்றார்.

அன்றைக்கு அரிசி வேகன். நூற்றி எண்பது மூட்டை. மதியத்துக்கு மேல் வலது தோள் மரத்துப்போனதால் இடது தோளில் தூக்கினார். ஆறு மணிக்குப் பொன்னுரங்கம் நோட்டைத் திறந்து அவர் பேருக்கு எதிரே ஒரு கோடு போட்டான். பொன்னுரங்கத்துக்கு இன்னும் நாற்பத்தேழு சனிக்கிழமை பாக்கி.